கெட்ட பேரால் கிடைத்த நிலம்

இறுதிச் சடங்கு நடத்தியவர்கள் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு இப்படி முடிகிறது: "எல்லோருக்கும் இனியவர். இது என்னுடையது என்று எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர்." போன வாரம் ட்ரிஃபி அத்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அதைப் படித்தேன். அத்தை இருந்திருந்தால், "அய்யய்யோ, இது ஜட்ஜு கண்ணுல பட்டுடப் போகுது, அடுப்புல போடு" என்றிருப்பார். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளால்தான் ஒரு முறை அவருடைய வீடும் தோட்டமும் கையை விட்டுப் போக இருந்தன. அதனால் அவரைப் பற்றிச் சரியாக ஒரு தடவை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முழுப்பெயர் ட்ரைஃபீனா கீப்பிங். என் அப்பாவின் தங்கை. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், எங்கள் டிங்கர் ஹார்பரின் முனையில் தனியாகத் தெரிகிறதே மஞ்சள் வீடு, அது அவருடையது. அந்த வீடு அங்கே கட்டப்பட்டதல்ல. எதிர்த் தீவில் ஹெட்லி மாமாவின் அப்பா கட்டியது. தீவில் ஆட்கள் குறைந்துகொண்டு வந்த காலத்தில், 1956 வசந்தத்தில், கல்யாணமான கையோடு மாமா வீட்டை அடியோடு பெயர்த்து, சுற்றிலும் காலிப் பீப்பாய்களைக் கட்டி, படகுகளால் கடலில் இழுத்து வந்து முனையில் கரையேற்றினார். முனையில் அப்போது யாரும் குடியிருக்கவில்லை. யாரைக் கேட்பது என்ற கேள்வியே எழவில்லை. இடத்தைப் பார், வீட்டை வை, வேலியைப் போடு. எங்கள் ஊரில் எல்லோருக்கும் நிலம் வந்தது அப்படித்தான். பத்திரம் என்ற ஒன்றை எங்கள் ஊர் தேவாலயமே பார்த்ததில்லை.

முனையில் இருந்தது பாறையும் குட்டைப் புதரும்தான். மண் இல்லை. மண்ணை அத்தைதான் உண்டாக்கினார். புயல் அடித்து ஓய்ந்த காலைகளில் கரையில் குவிந்து கிடக்கும் கடற்பாசியைக் கூடையில் சுமந்து வந்து பரப்புவார். ஜூன் மாதம் கேப்லின் மீன் அலையோடு அலையாகக் கரையில் வந்து புரளும்போது ஊரே வலை போட்டு அள்ளும். அத்தை தின்பதற்கு ஒரு கூடை, நிலத்துக்கு இருபது கூடை என்று அள்ளுவார். சதுப்பிலிருந்து கறுப்பு மண். மாமா மீன்பிடிக்கப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார், எல்லாம் ஒற்றை ஆளாக. அந்த முதல் கோடையிலேயே, ஒரு கைப்பிடி உருளைக்கிழங்கு விளைவதற்கு முன்பே, முனையின் குறுக்கே கரையிலிருந்து கரை வரைக்கும் மரக்கழி வேலி போட்டுவிட்டார்.

வேலி எதற்கென்றால், செம்மறிகளுக்கு. ஊரில் எல்லோரிடமும் ஆடு உண்டு. கோடையெல்லாம் அவை குன்றுகளில் தம் இஷ்டத்துக்குத் திரியும். அக்டோபரில் கிழங்கு தோண்டி முடித்ததும் தோட்டங்களைத் திறந்து விடுவார்கள். ஊர் ஆடுகள் எல்லாம் உள்ளே போய்க் காய்ந்த கொடியையும் கோஸ் தண்டையும் மேய்ந்து, பதிலுக்கு எருப் போட்டுவிட்டு வரும். இன்னார் ஆடு, இன்னார் தோட்டம் என்ற பேச்சு கிடையாது. ஊர் வழக்கம்.

மாமா போய்ச் சேர்ந்தார். ஆடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. அத்தை மட்டும் கிழங்கு போடுவதை நிறுத்தவில்லை. அவருக்கு எழுபத்தெட்டு வயதான ஆண்டு டொரன்டோவிலிருந்து ஒருவர் வந்தார். பனிமலைகள் மிதந்து போவதைப் படுக்கையிலிருந்தே பார்க்கிற மாதிரி முனையில் ஒரு விடுதி கட்டும் எண்ணம். நல்ல மனிதர்தான், அத்தையின் சமையலறையில் உட்கார்ந்து டீயும் குடித்தார். பிறகு அரசு வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். வரைபடத்தில் முனை யார் பேரிலும் இல்லை. ராணியின் நிலம் என்று இருந்தது; அரசு நிலத்தை அப்படித்தான் எழுதுவார்கள். குத்தகைக்குக் கேட்டு மனுப் போட்டார்.

"காலி நிலமாம்," என்று அத்தை அந்த அறிவிப்பை என்னிடம் நீட்டினார். "ஏன் மேவிஸ், அப்ப நான் என்ன, கொக்கா?"

எங்கள் வக்கீல் மௌரா டிலானி தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து காரில் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அத்தை அவர் முன்னால் உப்பு மாட்டிறைச்சியும் பட்டாணி மசியலும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"பத்திரம் இல்லாட்டிப் பரவாயில்லம்மா," என்றார் மௌரா. "அனுபவ பாத்தியம்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் ஒரு நிலத்தச் சொந்தமா நினைச்சு ரொம்ப காலம் ஆண்டு வந்தா, அது அவருக்கே ஆயிடும். ஆனா எதிர்ல இருக்கறது ராணி. அதனால விதி கொஞ்சம் கடுமை."

"ராணிக்கு எதிராவா? பாவம், அந்தம்மா எனக்கு என்ன பண்ணுச்சு?"

"பேருக்குத்தான் ராணி. 1977 பொறக்கறதுக்கு முன்னாடி முழுசா இருபது வருஷம் நீங்க ஆண்டிருக்கணும். நடுவுல விட்டிருக்கக் கூடாது. திருட்டுத்தனமா இல்லாம ஊரே பார்க்க ஆண்டிருக்கணும். யாரோ தயவு பண்ணி இருந்துக்கோன்னு சொன்னதால இருந்திருக்கக் கூடாது. முக்கியமா, இது என்னுது, மத்தவன் வராதேன்னு இருந்திருக்கணும்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "மத்தவன் வராதேன்னா? நாங்க அப்படியெல்லாம் பேச மாட்டோம் கண்ணு."

அத்தைக்கு எல்லோருமே கண்ணுதான். தபால்காரர், டாக்டர், விடுதி கட்ட வந்தவர், எல்லோரும்.

"நீங்க பேச வேண்டாம். பார்த்தவங்க ரெண்டு பேரு வந்து சொன்னாப் போதும். அம்பத்தாறுலயே வேலி இருந்துச்சு, நீங்கதான் ஆண்டீங்கன்னு. அந்தக் காலத்து ஆளு யாராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். லீயா ஃபட்ஜ், அத்தையின் சிநேகிதி. அசரியா பார்டி, ஹெட்லி மாமாவோடு படகில் போனவர். இருவரும் அத்தைக்காக உயிரைக் கொடுப்பார்கள். மௌரா நிம்மதியாகத் திரும்பிப் போனார். அங்கேதான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம்.

விசாரணை நாளன்று மீன் ஆலையின் பஸ்ஸைக் கேட்டு வாங்கி ஊரே கோர்ட்டுக்குப் போனது. பின் வரிசையில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டு மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நீதிபதி கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை துடைத்துக்கொண்டார். லீயா அத்தை சர்ச்சுக்குப் போகும் தொப்பியோடு கூண்டில் ஏறினார். மௌரா கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். வீடு வந்தது, வேலி போட்டது, கிழங்கு போட்டது. பிறகு அரசு வக்கீல் எழுந்தார். மெலிந்த மனிதர். சத்தமே போடாதவர்.

"திருமதி கீப்பிங் எப்படிப்பட்டவங்க, சொல்ல முடியுமா?"

இதைக் கேட்டதும் லீயா அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கம் சார். ஊர்ல யாரை வேணா கேளுங்க. இது என்னுதுன்னு ஒரு வார்த்தை அவ வாயிலருந்து வந்ததில்ல."

"அந்தத் தோட்டத்துல உங்க ஆடு மேயுமா?"

"மேயாம? எல்லாரோட ஆடும் மேயும்."

"அப்ப அது ஊருக்கே பொது மாதிரி இருந்துச்சு?"

"அப்படியே வச்சுக்குங்க. அவ மனசு அப்படி."

மௌரா பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அடுத்து அசரியா மாமா. வழியெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர். லீயா அத்தை அப்படிப் புகழ்ந்துவிட்ட பிறகு தான் குறைத்துச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால், நல்லதை மட்டும்தான் பேசுவோம். அதுவும் போட்டி போட்டுக்கொண்டு.

"ட்ரிஃபிகிட்ட நாங்க எதையும் கேட்டதே இல்லீங்க. கேட்க வேண்டிய நிலைமைய அவ வச்சதே இல்ல. அக்டோபர் வந்தா வேலி தெறந்து கிடக்கும். போவோம், வருவோம். நம்ம வீடு மாதிரி."

"உங்க வீடு மாதிரி," என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அரசு வக்கீல் உட்கார்ந்தார்.

கடைசியில் அத்தையே ஏறினார். அரசு வக்கீலின் கேள்வி ஒன்றே ஒன்று. "இந்த நிலம் யாருடையதுன்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தீங்க?"

தன் வாயால் தன் பெருமையைச் சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய அசிங்கம். அத்தை கொஞ்சம் வெட்கப்பட்டார். நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் ஆண்டவனோடதுதான் கண்ணு. நாங்க அனுபவிச்சோம், அவ்வளவுதான்."

பின் வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு மதிய இடைவேளை என்றார்.

நடைக்கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தது. லீயா அத்தை வெல்லப்பாகு பன்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். மௌரா மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

"என்ன கண்ணு, பசிக்கலையா? எல்லாரும் நல்லாத்தானே சொன்னாங்க," என்றார் ட்ரிஃபி அத்தை.

"ரொம்ப நல்லாச் சொன்னாங்கம்மா. அதான் பிரச்சினை." மௌரா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாரும் வந்து போற இடம், யாரும் கேட்க வேண்டியதில்ல, நீங்களும் உங்களுதுன்னு நினைக்கல. அப்படின்னா நீங்க ஊர்ப் பொது நிலத்துல கிழங்கு போட்டவங்க. அவ்வளவுதான் ஆகும். வீடும் சேர்த்துப் போயிடும்."

லீயா அத்தையின் கையில் இருந்த பன் பெட்டி அப்படியே நின்றது. "நான் சொன்னதாலயா?"

"சட்டத்துக்கு நல்ல மனசு வேண்டாம் மிஸஸ் ஃபட்ஜ். பிடிவாதம் வேணும். இந்த அம்மா யாரையாவது விரட்டியிருக்காங்களா, சண்டை போட்டிருக்காங்களா, அதுதான் வேணும். ஊர்ல இவங்களத் திட்டற ஆளு ஒருத்தர்கூடவா இல்ல?"

 அசரியா மாமா, "லாம்பர்ட் இருக்கான்," என்றார்.

"லாம்பர்ட் ஸ்னூக்? அவர்தான் அடுத்த சாட்சி. அரசு பக்கம் கூப்பிட்டிருக்காங்க. நிலம் இவங்களுது இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

லாம்பர்ட் மாமா கூடத்தின் மறு கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு வயது. முனைக்கு இந்தப் பக்கத்து வீடு அவருடையது. அவரும் அத்தையும் பேசிக்கொண்டதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால் இருவரும் வேறு பேச்சுப் பேசுவார்கள்.

அத்தை ஒரு பன்னை எடுத்து மௌராவின் கையில் வைத்தார். "சாப்பிடு கண்ணு. அவன் வாயத் திறந்தா சாயங்காலம் ஆயிடும்."

 அந்த நிலம் போனால் அத்தை எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு மாடியறைக்கு. மாமா போன பிறகு நானே பல முறை கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டதற்கே ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர்.

லாம்பர்ட் மாமா கூண்டில் நிற்கவே மாட்டேன், உட்கார்ந்துதான் பேசுவேன் என்றார். நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். முதல் கேள்வியிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த முனை திருமதி கீப்பிங்குக்குச் சொந்தமா?"

"எப்படி ஐயா சொந்தமாகும்? எங்க தாத்தா காலத்துலருந்து எங்க ஆடு மேஞ்ச எடம் அது!"

"ஆக, ஊர்ப் பொது."

"பொதுதான். பொதுவாத்தான் இருந்துச்சு."

அரசு வக்கீலுக்குத் திருப்தி. "நன்றி, மிஸ்டர் ஸ்னூக். அவ்வளவுதான்."

"என்ன அவ்வளவுதான்? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல! இவ வர்ற வரைக்கும் பொதுவா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்!"

"போதும், நீங்க இறங்கலாம்..."

மௌரா அதற்குள் எழுந்துவிட்டார். "நான் கேட்கறேன் மிஸ்டர் ஸ்னூக். நிதானமாச் சொல்லுங்க. அவங்க வந்த அப்புறம் என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? தீவுலருந்து வந்து எறங்கி ஒரு மாசம் ஆகல, குறுக்கால வேலி! எங்க தாத்தா எடத்துல! நான் போயி மேல்கழிய உருவிப் போட்டேன். மறுநாள் போட்டிருக்கா. மறுபடி உருவினேன். மறுபடி போட்டா, இந்தத் தடவை ஆணி அடிச்சு. புருஷன் கடலுக்குப் போயிருக்கான், இவ ஒத்த ஆளு, இத்தனூண்டு உசரம், கையில கோடாலி! சரி போன்னு என் கிடாவ நானே தூக்கி உள்ள விட்டேன். நல்ல கிடா சார், பரிசு வாங்கினது. என்ன பண்ணினா தெரியுமா?"

"தெரியாது. சொல்லுங்க."

"பிடிச்சுக் கொட்டகையில போட்டுப் பூட்டிட்டா! வந்து கேட்டாத்தான் தருவாளாம். நான் போக மாட்டேன்னேன். மூணு நாளு! ராத்திரி பூரா அது கத்துது, ஊரே சிரிக்குது. கடைசியில போனேன். ஞாயித்துக்கெழமை, சர்ச்சு விட்டு எல்லாரும் வர்ற நேரம் பார்த்து அவ வாசல்ல நிக்கிறா. தொப்பியக் கழட்டச் சொன்னா சார் என்னை! 'உன் நிலத்துல என் கிடா வந்தது தப்பு'ன்னு என் வாயால சொல்ல வச்சா! அத்தனை பேரு முன்னாடி!"

 மௌரா குரலை உயர்த்தவே இல்லை.

"உன் நிலத்துலன்னு சொன்னீங்களா?"

"சொல்லாட்டி கிடாவத் தர மாட்டேங்கறாளே!"

"இது எந்த வருஷம்னு ஞாபகம் இருக்கா? ரொம்ப நாளாச்சு, மறந்திருக்கலாம்..."

"மறக்கறதா?" லாம்பர்ட் மாமா கைப்பிடிச் சட்டத்தைத் தட்டினார். "என் மூத்த பொண்ணு ரூபி பொறந்த வாரம். பிள்ளை பொறந்த சந்தோஷத்தக்கூட அனுபவிக்க விடல இவ. 1956, அக்டோபர். அதோ உட்கார்ந்திருக்காளே, அவளக் கேளுங்க!"

"அப்பா!" என்று பின் வரிசையிலிருந்து ரூபி அலறினாள். ஊரில் அவள் ஐம்பது வயதைத் தாண்டியதாக இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. நீதிபதி அமைதி என்று தட்ட வேண்டியிருந்தது.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் எப்படி?" என்றார் மௌரா.

"எப்படி என்ன எப்படி? அக்டோபர் வந்தா என் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயி அந்த வேலி ஓரமா நிக்கணும். மழையா, காத்தா, நிக்கணும். அவ கிழங்கெல்லாம் எடுத்து முடிச்சு, கையக் கழுவி, டீயக் குடிச்சு, ஆடி அசைஞ்சு வந்து மேல்கழிய எடுக்கற வரைக்கும் ஒருத்தன் ஆடும் உள்ள போகக் கூடாது. எல்லாருக்கும் எடுத்துடுவா. நான் நிக்கிறதப் பார்த்தா இன்னொரு டீ குடிப்பா! வேணும்னே! ஆட்ட வித்துத் தொலைக்கிற வரைக்கும் நின்னேன் சார். கடைசியா நின்னது காட் மீன் பிடிக்கக் கூடாதுன்னு தடை போட்ட வருஷம்."

அந்தத் தடை வந்தது 1992இல். எங்கள் கரையில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

"அவங்களக் கேட்காம நீங்களே கழிய எடுத்துட்டு ஏன் போகல?"

"பூட்டிருவாளே!"

மௌரா உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் தன் காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். நீதிபதிதான் பேசினார். எங்கள் பக்கம் திரும்பி, "மிஸ்டர் பார்டி, ஒரு சந்தேகம்," என்றார். அசரியா மாமா இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார். "வேலி திறந்து கிடக்கும்னு காலையில சொன்னீங்க. திறக்கறது யாரு?"

"ட்ரிஃபிதான்."

"ஒரு தடவையாவது நீங்களா கழிய எடுத்ததுண்டா?"

"நானா?" அசரியா மாமா திகைத்துப் போனார். ஏதோ திருட்டுப் பழி போட்டது மாதிரி. "அதெப்படிங்க? அது அவ வேலியாச்சே!"

இப்போது நினைத்தாலும் எனக்குத் தோள் நிமிர்கிறது. காலையிலிருந்து எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்த விஷயம் அதுதான். எங்களுக்கு அது இவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. திறந்து விட்டது அத்தை என்றால், அதுவரை மூடி வைத்திருந்ததும் அத்தைதானே.

நீதிபதி அரை மணி நேரம் உள்ளே போய்விட்டு வந்து தீர்ப்பைச் சொன்னார். சிநேகிதர்கள் திருமதி கீப்பிங்கின் மனதைப் பற்றிச் சொன்னார்கள், மிஸ்டர் ஸ்னூக் அவருடைய வேலியைப் பற்றிச் சொன்னார், இந்தக் கோர்ட்டுக்குத் தீர்மானிக்கத் தெரிந்தது வேலியைப் பற்றித்தான் என்றார். 1956 முதல் விடாமல், ஊரறிய, பிறர் யாருடைய உரிமையையும் ஒப்புக்கொள்ளாமல் ஆண்டிருக்கிறார். மற்றவர்களின் ஆடு உள்ளே போனது, அவர் உள்ளே விட்டதால்தான். விடுவதற்கு உரிமை உள்ளவர்தான் உரிமையாளர். முனையும் வீடும் ட்ரைஃபீனா கீப்பிங்குக்கே உரியவை.

பின் வரிசை எழுந்து நின்று கத்தியது. லீயா அத்தை தொப்பியைக் கழற்றிக் காற்றில் எறிந்தார். ட்ரிஃபி அத்தை மட்டும் நேராக நீதிபதியின் மேசைக்குப் போய், "ரொம்ப நன்றி கண்ணு, கையக் குடு," என்றார். அவரும் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே பாட்டு. லாம்பர்ட் மாமாவும் அதே பஸ்ஸில்தான் வந்தாக வேண்டும், வேறு வண்டி கிடையாது. தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். "உண்மையச் சொன்னது ஒரு குத்தமா?" என்று டிரைவரிடம் இரண்டு முறை கேட்டார். அசரியா மாமா போய் ஒரு பன் நீட்டினார். "சாப்பிடு லாம்பர்ட். நீதான் ஜெயிச்சுக் குடுத்தே." தொப்பிக்கு அடியிலிருந்து வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

மௌராவும் தன் கார் நின்ற இடம் வரை எங்களோடு பஸ்ஸில் வந்தார். பாட்டு ஓய்ந்த ஒரு நேரத்தில் லாம்பர்ட் மாமா தொப்பியை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா. இப்ப அந்த எடம் ராணிகிட்ட இல்ல. இவகிட்ட இருக்கு. அப்படித்தானே?"

"ஆமாம்."

"இவகிட்டருந்து அனுபவ பாத்தியத்துல எடுக்க முடியுமா?"

மௌரா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நிலத்த எடுக்கறது கஷ்டம். ஆனா ஒரு வழியில அவங்க அனுமதி இல்லாம, விடாம, இருபது வருஷம் நடந்தா, அந்த வழியில நடக்கற உரிமை வரலாம்."

"இருபது வருஷமா."

"உங்களுக்கு இப்ப என்ன வயசு மிஸ்டர் ஸ்னூக்?"

"எனக்கொண்ணும் அவசரமில்ல," என்றார் லாம்பர்ட் மாமா.

சொன்னபடியே செய்தார். மறுநாள் மாலையிலிருந்து ஒரு நாள் தவறாமல், தடியை ஊன்றிக்கொண்டு, அத்தையின் நிலத்துக்குள் நுழைந்து தோட்டத்தை ஒட்டி நடந்து, முனையின் கோடியில் ஐந்து நிமிடம் கடலைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினார். வணக்கம் கிடையாது, திரும்பிப் பார்ப்பது கிடையாது. உரிமைக்காரன் நடை.

அத்தை ஒரு வாரம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மௌராவுக்கு ஃபோன் போட்டார். "கண்ணு, அனுமதி இல்லாம நடந்தாத்தானே பாத்தியம் வரும்? நானே நடந்துக்கோன்னு சொல்லிட்டா? ... வராதா? சத்தமாச் சொல்லணுமா, சும்மாச் சொன்னாப் போதுமா? ... சத்தமாவே சொல்றேன்."

அன்று மாலை லாம்பர்ட் மாமா வேலித் திறப்பின் கீழ்க்கழியைத் தாண்டக் காலைத் தூக்கியதும் வாசலிலிருந்து குரல் வந்தது.

"லாம்பர்ட்! என் நிலத்துல நடக்க உனக்கு அனுமதி குடுத்திருக்கேன்!"

மாமாவின் கால் அந்தரத்தில் நின்றது. "உன் அனுமதி எந்தக் கழுதைக்கு வேணும்?"

"வேணாம்னாலும் குடுத்தாச்சு!"

"நான் கேட்கல! என் காதுல விழல!"

"லீயா இங்கதான் இருக்கா, அவ காதுல விழுந்துச்சு!"

ஐம்பது வருடங்களுக்கு மேல் பேசாமல் இருந்தவர்கள் இப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள். பிறகு அது ஊருக்கே ஒரு கடிகாரமாகிவிட்டது. மாமா நேரத்தை மாற்றிப் பார்த்தார். விடியற்காலையில் வந்தார். அத்தை சர்ச்சில் இருக்கும்போது வந்தார். அத்தை பாதிப் பிரசங்கத்தில் எழுந்து சர்ச் வாசலுக்கு வந்து கத்தினார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். அத்தை அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினார். குளிர்காலத்தில் பனி முழங்கால் வரை கிடக்கும்போது, கிழவர் விழுந்து தொலைக்கப் போகிறார் என்று அத்தை முதல் ஆளாக வழியைத் தள்ளிச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, பிறகு அனுமதியைக் கூவினார்.

விடுதிக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வருடா வருடம் கிழங்கு விளைந்தது. அத்தை எண்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் கடற்பாசி அள்ளினார்.

போன கோடையில் ஒரு நாள் மூடுபனி. எங்கள் ஊர் மூடுபனியில் நீட்டிய கை தெரியாது. நான் அத்தையோடு வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். கடல் தெரியவில்லை, வேலி தெரியவில்லை, பக்கத்திலிருந்த வாளிகூட அரைகுறைதான். அத்தைக்குக் கண் பார்வையும் அப்போது பாதி போயிருந்தது. அன்று லாம்பர்ட் மாமா தடியை வீட்டிலேயே வைத்துவிட்டு, பூட்ஸையும் கழற்றிவிட்டு, காலுறையோடு வந்திருக்கிறார். பிற்பாடு ரூபி சொல்லித்தான் தெரியும். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அத்தை பட்டாணி உரிப்பதை நிறுத்தாமலேயே தலையை மட்டும் தூக்கினார்.

"பார்த்து நட லாம்பர்ட், அந்தப் பக்கம் பாறை வழுக்கும். அனுமதி உண்டு."

 மூடுபனிக்குள், மிகப் பக்கத்திலிருந்து, ஒரு நீண்ட வசவு.

அத்தை அடுத்த காயை எடுத்தார்.